பின்னால் 25 மில்லிமீட்டர்

எனக்குக் கால் கொஞ்சம் குட்டை. பைக்கில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதியாது, விரல் நுனிதான் தொடும். ஓடிக்கொண்டிருக்கும்வரை இதனால் ஒரு தொல்லையும் இல்லை. நிற்கும்போதுதான் வினை. ஒருநாள் சிக்னலில் நின்று காலை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் சின்னப் பள்ளம். வண்டி அவசரமே இல்லாமல், ஏதோ தூக்கம் வந்த மாதிரி, என்னையும் சேர்த்துக்கொண்டு படுத்துவிட்டது. பின்னால் நின்றவர் ஹாரன் அடிக்கக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே வண்டியை இறக்கிவிடுவது என்று முடிவு கட்டினேன். பின்பக்கம் ஒற்றை ஷாக் அப்சார்பர் இருக்கும் பல வண்டிகளில், ஷாக்குக்கும் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்முக்கும் நடுவே லிங்கேஜ் என்ற நெம்புகோல் இணைப்பு ஒன்று இருக்கும். அதில் ஒரு ஜோடி இரும்புப் பட்டைகள். நாய் கடிக்கிற எலும்பு மாதிரி இருப்பதால் அதற்கு டாக்போன் என்றே பெயர். என் வண்டியில் அதைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் நீளமான ஜோடியைப் போட்டால் பின்பக்கம் இறங்கிவிடும். ஒரு மணி நேர வேலை.

“அண்ணே, முன்னாடியும் இறக்கணுமா?” என்று மெக்கானிக்கிடம் கேட்டேன்.

“அதெல்லாம் எதுக்குத் தம்பி? 25 மில்லிமீட்டர்தானே. ஒண்ணும் தெரியாது.”

தெரிந்தது. முதலில் தெரிந்தது சைடு ஸ்டாண்டில். வண்டி இறங்கிவிட்டது, ஸ்டாண்டு அதே நீளத்தில் நிற்கிறது. அதனால் வண்டி சாயாமல் கிட்டத்தட்ட நேராக நின்றது. லேசாக இடித்தால் மறுபக்கம் விழுந்துவிடும் நிலை. ஸ்டாண்டை அறுத்துச் சின்னதாக்கி மறுபடி வெல்டிங் வைத்தேன். அப்போதே யோசித்திருக்க வேண்டும். இரண்டு பாதமும் தரையில் பதிந்த சந்தோஷத்தில் யோசிக்கவில்லை.

அடுத்தது வளைவில். தினமும் போகிற பாதையில் நீளமான இடப்பக்க வளைவு ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு போவேன் என்று பெருமையடிக்கிற அளவுக்குப் பழகிய வளைவு. வண்டியை இறக்கிய பிறகு அதில் நுழையவே ஹேண்டிலை முன்பைவிட அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. பாதி வளைவு தாண்டி ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் வண்டி மெல்ல நடுக்கோட்டை நோக்கி அகன்றுகொண்டே போகும். நான் ஒரு பக்கம் பார்க்கிறேன், வண்டி வேறு பக்கம் பார்க்கிறது. முதலில் டயர்க் காற்றைச் சந்தேகித்தேன். பிறகு முன் டயரை. பிறகு, ரொம்ப நாள், என்னையே. கீழே விழுந்த பயத்தில் கை இறுகிப்போய்விட்டது என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்பக்கத்தில் கை வைத்தால் முன்பக்கம் ஏன் மாறுகிறது என்ற கேள்வி வெகு தாமதமாகத்தான் வந்தது.

ஒரு பெஞ்சின் பின்கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தால் முழுப் பெஞ்சும் முன்னால் சாயும். வண்டியும் அப்படித்தான். பின்பக்கத்தை ஏற்றினால் வண்டியின் சட்டம் (ஃபிரேம்) முழுவதும் முன் ஆக்ஸிலைச் சுற்றி முன்னோக்கிச் சாய்கிறது. சட்டத்தோடு, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கும் சாய்ந்து, செங்குத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. இறக்கினால் இதற்கு நேர்மாறாக ஃபோர்க் படுத்துக்கொள்கிறது. செங்குத்துக் கோட்டிலிருந்து ஸ்டீயரிங் அச்சு எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அந்தக் கோணம்தான் ரேக். வேகத்துக்கான வண்டிகளில் இது ஏறக்குறைய 23 முதல் 25 டிகிரி. கால் நீட்டி உட்காரும் க்ரூஸர்களில் 30ஐத் தாண்டுவதும் உண்டு.

ரேக்கோடு கூடவே வருவது டிரெயில். அதைப் புரிந்துகொள்ள உருளும் நாற்காலியின் சக்கரத்தைப் பாருங்கள். சக்கரம் தரையைத் தொடும் இடம் அது திரும்பும் அச்சுக்குப் பின்னால் இருக்கும். எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் பின்னால் இழுபட்டு வந்து தானாக நேராகிவிடும். வண்டியிலும் ஸ்டீயரிங் அச்சைக் கற்பனையாகத் தரைவரை நீட்டினால், முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய்க் குத்தும். அந்த இரண்டு புள்ளிக்கும் இடைப்பட்ட தூரம் டிரெயில். அது அதிகமானால் முன்சக்கரம் நேராகவே இருக்க அடம் பிடிக்கும். நெடுஞ்சாலையில் அது நிம்மதி, வளைவில் கைவலி. குறைந்தால் வண்டி கேட்டவுடன் திரும்பும். ரொம்பக் குறைந்தால் கேட்காமலே திரும்பும்.

எண்களில் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு சக்கர ஆக்ஸிலுக்கும் இடையே 1,400 மி.மீ. இருக்கும் வண்டியில் பின்பக்கத்தை 24, 25 மி.மீ. மாற்றினால் ரேக் 1 டிகிரி மாறும். 1 டிகிரிதானே என்று தோன்றும். 120/70-17 அளவு முன் டயரின் ஆரம் 300 மி.மீ. ஃபோர்க் ஆஃப்செட் (ஸ்டீயரிங் அச்சிலிருந்து முன் ஆக்ஸில் தள்ளியிருக்கும் தூரம்) 30 மி.மீ., ரேக் 24 டிகிரி என்று வைத்துக்கொண்டால் டிரெயில் சுமார் 101 மி.மீ. ரேக்கை 25 ஆக்கினால் டிரெயில் 107. ஒரு ஜோடி இரும்புப் பட்டையால் டிரெயில் 6 சதவீதம் கூடிவிட்டது. ரேக்கிலும் டிரெயிலிலும் கம்பெனிக்காரர்கள் எவ்வளவு கஞ்சத்தனமாக எண்களை நகர்த்துவார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது பெரிய மாற்றம் என்பது புரியும்.

ஆனால் ரேக், டிரெயில் கணக்கு மட்டும் என் வளைவை முழுசாக விளக்கவில்லை. வளைவில் நுழையும்போது ஹேண்டில் கனமாக இருந்ததற்கு அது காரணம் சொல்லும். ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் அகன்று போனதே, அதற்கு? அந்தப் பாதிப் பதில் ஸ்விங்ஆர்மில் இருந்தது.

வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஸ்விங்ஆர்ம் சட்டத்தில் பொருந்தும் இடம் உயரமாகவும் பின் ஆக்ஸில் தாழ்வாகவும் இருக்கும். ஸ்விங்ஆர்ம் சரிந்து கீழ்நோக்கி இருக்கும். இது அழகுக்கு வைத்த சரிவு அல்ல. வேகம் எடுக்கும்போது எடை பின்னால் போய், பின்பக்கம் அமுங்கப் பார்க்கும். அதே நேரத்தில் டயர் தரையை உதைத்து வண்டியை முன்னால் தள்ளுகிறது. அந்தத் தள்ளல், சரிந்த ஸ்விங்ஆர்ம் வழியாகப் போகும்போது அதில் ஒரு பங்கு சட்டத்தை மேலே தூக்குகிறது. சரிந்த கழியைத் தரையில் ஊன்றி எதையாவது தள்ளினால் அது கொஞ்சம் மேலேயும் எழும்புமே, அந்த மாதிரி. செயினின் இழுப்பும் இதில் பங்கெடுக்கிறது. அமுங்கப் பார்க்கும் பாரமும் தூக்கப் பார்க்கும் இந்த விசையும் ஒன்றையொன்று ஓரளவு சமன் செய்துகொள்வதால்தான், ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் வண்டி பின்னால் குந்திவிடாமல் இருக்கிறது.

டாக்போனை மாற்றி நான் செய்தது அந்தச் சரிவைக் குறைத்தது. ஸ்விங்ஆர்ம் படுத்ததும் தூக்கும் விசை குறைந்தது. முன்பு அமுங்காத இடத்தில் இப்போது அமுங்கியது. அதாவது நான் இறக்கியது 25 மி.மீ., வளைவின் நடுவில் வலது கையைத் திருகியபோது வண்டி தானாக மேலும் கொஞ்சம் இறங்கிக்கொண்டது. முன்பக்கம் லேசாகி, ரேக் இன்னும் படுத்து, வண்டி நடுக்கோட்டைத் தேடிப் போனது. பாவம், கை இறுகிப்போயிற்று என்று என்னை நானே திட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

இங்கே விவரம் தெரிந்தவர் ஒருவர் குறுக்கே வந்து, “மோட்டோஜிபி பைக் பந்தயத்தில் வளைவை விட்டு வெளியே வரும்போது வேண்டுமென்றே பின்பக்கத்தை இறக்குகிறார்களே?” என்று கேட்பார். நியாயமான கேள்வி. அங்கே டுகாட்டி கம்பெனி கொண்டுவந்து மற்றவர்களும் பின்பற்றிய அந்தச் சாதனத்தின் வேலை வேறு. நேர்கோட்டில் முழு வேகம் எடுக்கும்போது எடை மையம் தாழ்ந்தால் முன்சக்கரம் மேலே எழும்பாது, எஞ்சின் சக்தியை இன்னும் தாராளமாகத் திறக்கலாம். அடுத்த வளைவுக்குப் பிரேக் பிடித்தவுடன் வண்டி பழைய உயரத்துக்கு எழும்பிவிடும். திரும்புவதற்கு உயரம், பாய்வதற்குத் தாழ்வு. ஓடும்போது முன்பக்கத்தை இறக்கும் சாதனத்துக்கு 2023இல் தடை வந்தது. 2027 முதல் இந்த வகைச் சாதனங்கள் எதுவுமே கூடாது என்பது விதி. என் வண்டி வளைவிலும் தாழ்ந்தே கிடந்தது என்பதுதான் வித்தியாசம்.

காரணம் புரிந்த பிறகு நியாயமாக டாக்போனைத்தான் கழற்றியிருக்க வேண்டும். தரையில் பாதம் பதியும் சுகத்தை விட மனசு வரவில்லை. எனவே நடுவழி ஒன்றைத் தேடினேன். பின்னால் இறங்கிய அளவுக்கு முன்னாலும் இறக்கினால் கோணம் பழையபடி ஆகிவிடும் அல்லவா? ஃபோர்க்கை மேலும் கீழும் பிடித்திருக்கும் கிளாம்புகளைத் தளர்த்தி, ஃபோர்க் குழாய்களை மேலே நகர்த்தி, மறுபடி இறுக்கினேன். கோணம் திரும்பி வந்தது. வண்டியும் ஓரளவு பழைய மாதிரி திரும்பியது. ஸ்விங்ஆர்மின் சரிவு மட்டும் திரும்பவில்லை. கூடவே தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி போனது. சாய்ந்து திரும்பும்போது கால் வைக்கும் ஃபுட்பெக் சீக்கிரமே தரையில் உரசியது. பின்னால் ஆள் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கியபோது பின் டயர் மட்கார்டின் உள்பக்கத்தைத் தொட்டு ஒரு சத்தம் போட்டது. முதுகுத்தண்டு சில்லிட்டது.

ஃபோர்க்கை நகர்த்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது முன் மட்கார்டு கீழ்க் கிளாம்பிலோ ரேடியேட்டரிலோ இடிக்காமல் இருக்க இடம் இருக்க வேண்டும். நிற்கிற வண்டியைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

ப்ரீலோட், அதாவது ஷாக்கின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு, அதன் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உயரம் என்று பேச்செடுத்தாலே பத்தில் ஒன்பது பேர் அங்கேதான் போவார்கள். நானும் போனேன். ஷாக் மேல் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்திருக்கும் வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் திருகுவதை “சஸ்பென்ஷனை ஹார்டாக வைப்பது” என்றே எல்லோரும் சொல்கிறோம். ஹார்டாக ஆவதில்லை. ஒரு ஸ்பிரிங்கை 1 மி.மீ. அமுக்க 90 நியூட்டன் வேண்டுமென்றால், வளையத்தை எத்தனை சுற்றுத் திருகினாலும் அடுத்த 1 மி.மீ.க்கு அதே 90 நியூட்டன்தான். மாறுவது, அதே ஆள் உட்காரும்போது வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பது. ஆள் உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு அமுங்குகிறதோ அதைத்தான் ஸாக் என்கிறார்கள். பின்சக்கரத்துக்கு 120, 130 மி.மீ. அசைவு உள்ள சாலை வண்டியில், ஓட்டுபவர் ஏறியதும் 30 முதல் 35 மி.மீ. அமுங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

ப்ரீலோட்டைக் கூட்டி உயரம் தேடினால், உயரம் கிடைக்கும், ஸாக் தேய்ந்துபோகும். ஸாக் என்பது வீணாக அமுங்கிக் கிடக்கும் இடம் அல்ல. சாலையில் குழி வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடர்ந்து பிடித்துக்கொள்ள வைத்திருக்கும் இருப்பு. அது போனால் சக்கரம் ஒவ்வொரு குழியிலும் அந்தரத்தில் தொங்கும். ஷாக்கின் நீளத்தை மாற்றி உயரம் கூட்டினால் இந்த நஷ்டம் இல்லை, ஸாக் அப்படியே இருக்க முழு வண்டியும் மேலே போகும். முதலில் ஸாக், அது சரியான பிறகுதான் உயரம் என்ற வரிசை இதனால்தான். டுகாட்டி 916 போன்ற சில வண்டிகளில் ப்ரீலோட்டைத் தொடாமல் உயரத்தை மட்டும் மாற்றத் தனி ராடே வைத்திருந்தார்கள். அந்த வசதியின் அருமை எனக்கு வெகுநாள் புரியவில்லை.

இன்னொன்று, என்னை ரொம்ப நேரம் குழப்பியது. ஆள் ஏறியதும் ஸாக் சரியாக இருக்கிறது, ஆனால் ஆள் இல்லாத வண்டி தன் எடையில் கொஞ்சம்கூட அமுங்கவில்லை என்றால் ஸ்பிரிங் முரடு என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. ஸ்பிரிங் மென்மையானது. அந்த மென்மையை ஈடுகட்ட ப்ரீலோட்டை வலிந்து திருகியிருக்கிறோம், அதனால்தான் வெறும் வண்டி அமுங்க மறுக்கிறது.

கடைசியில் பழைய டாக்போனையே மாட்டினேன். ஃபோர்க்கும் பழைய இடத்துக்கு வந்தது. சைடு ஸ்டாண்டு மட்டும் அறுத்தது அறுத்ததுதான். வண்டி அளவுக்கு மீறிச் சாய்ந்து நின்றது, புது ஸ்டாண்டு வாங்க வேண்டியதாயிற்று. அந்த இடப்பக்க வளைவு மட்டும் ஒரே நாளில் பழைய வளைவாகிவிட்டது.

இறக்கி இவ்வளவு படித்த பிறகு, ஏற்றினால் என்ன ஆகும் என்று பார்க்காமல் இருக்க முடியுமா? என் வண்டியில் ஷாக்கின் மேல்முனை சட்டத்தில் பொருந்தும் இடத்தில் வாஷர் மாதிரி ஒரு தகட்டை வைத்து உயரம் கூட்டலாம். எல்லா வண்டியிலும் இந்த வழி கிடையாது. லிங்கேஜ் இருப்பதால் ஷாக்கில் வைத்த தகட்டின் கனமும் ஆக்ஸிலில் கிடைக்கும் உயரமும் ஒன்றல்ல. 2 மி.மீ. தகடு வைத்தேன், பின்பக்கம் 4 மி.மீ. ஏறியது. அளந்த முறை இதுதான்: வண்டியைச் சட்டத்திலிருந்து தூக்கிப் பின்சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு, ஆக்ஸிலின் நடுவிலிருந்து நேர் மேலே வண்டியின் வால்பகுதியில் ஒட்டிய சின்ன டேப் துண்டுவரை அளப்பது. ஸ்விங்ஆர்மைத் தாங்கும் ஸ்டாண்டில் வைத்து அளந்தால் கணக்கு தப்பும், வண்டியின் எடை ஷாக்கை அமுக்கிக்கொண்டிருக்கும்.

4 மி.மீ.யில் ஏதோ நன்றாக இருப்பது போலத் தோன்றியது. 8 மி.மீ.யில் நிச்சயமாகத் தெரிந்தது. வளைவில் நுழைய ஹேண்டிலைத் தொட்டால் போதும் என்றிருந்தது. தலைக்கனம் ஏறி 17 மி.மீ.வரை போனேன். அங்கே வண்டி திரும்பவில்லை, வளைவுக்குள் விழுந்தது. பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் லேசாகி அங்குமிங்கும் அலைந்தது. மேடு ஒன்றின்மேல் வேகமெடுத்தபோது ஹேண்டில் இரண்டு மூன்று முறை படபடவென்று உதறிவிட்டு அடங்கியது. அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை நான் ஓட்டிய வேகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

நமக்கு நாமே ஏமாறுகிறோமோ என்ற சந்தேகமும் இருந்தது. நண்பனைக் கூப்பிட்டு, என்ன தகடு வைக்கிறாய் என்று சொல்லாமல் வை, ஓட்டிப் பார்த்து நான் சொல்கிறேன் என்றேன். தகடே இல்லாததற்கும் 8 மி.மீ.க்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னேன். 4க்கும் 8க்கும் இடையே குருட்டாம்போக்கில்தான் சொன்னேன். “உனக்குத் தெரியவே தெரியாதுடா” என்று அவன் இன்றும் கேலி செய்கிறான். எனவே 4 மி.மீ.யிலேயே நிறுத்திக்கொண்டேன். தெரியாத வித்தியாசத்துக்காக நெடுஞ்சாலை நிதானத்தை ஏன் கொடுக்க வேண்டும்?

உயரத்தில் கை வைத்தால் செயினையும் பார்க்க வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் சட்டத்தில் பொருந்தும் ஆணி, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் அதிகமாக இறுகும். நிற்கும்போது சரியாகத் தெரியும் தொய்வு, வண்டி அமுங்கி அந்தக் கோட்டுக்கு வரும்போது போதாமல் போகலாம். ஹெட்லைட்டும் அப்படியே. பின்பக்கம் இறங்கினால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணுக்குப் போகும். பின்னால் ஆளும் மூட்டையும் ஏறியபோது ஹேண்டில் மந்தமாகி, வெளிச்சம் மரக்கிளைக்குப் போவதைப் பலரும் பார்த்திருப்போம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அப்போது ப்ரீலோட்டைக் கூட்டுவது முற்றிலும் சரி, அதற்காகத்தான் அது இருக்கிறது.

டயர்கூட உயரத்தை மாற்றும் என்பதை இந்தக் கிறுக்கு பிடித்த பிறகே கவனித்தேன். 190/50 போட்ட இடத்தில் 190/55 போட்டால் (முதல் எண் மி.மீ.யில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் டயர்ச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது), எண்களின்படி பின்பக்கம் 9.5 மி.மீ. ஏறும். தகடு வைத்து நான் பட்ட பாட்டில் பாதிக்கு மேல் டயர்க் கடையிலேயே நடந்துவிடுகிறது, யாரும் கேட்டுக்கொள்ளாமல்.

காலுக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஹார்லி டேவிட்சன் பான் அமெரிக்காவில் 2021இலேயே, நிறுத்தும்போது தானாக இறங்கி, கிளம்பியதும் ஏறிக்கொள்ளும் சஸ்பென்ஷன் வந்துவிட்டது. என்னைப் போன்றவர்களை நினைத்துச் செய்தது அது. என் வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லாததால், சீட்டின் முன்பக்க ஓரங்களில் ஃபோமைக் கொஞ்சம் செதுக்கினேன். நிறுத்தும்போது ஒரு பக்கமாக நகர்ந்து ஒரு காலை மட்டும் முழுதாக ஊன்றப் பழகினேன். நிறுத்துவதற்கு முன் தரையைப் பார்க்கவும்தான்.

நீளமான அந்த டாக்போன் ஜோடி பழைய துணியில் சுற்றி மேசை டிராயரில் கிடந்தது. போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் வந்து கேட்டான். அதே வண்டி, என்னைவிடக் குட்டைக் கால். கொடுத்தேன். கூடவே அறுத்த சைடு ஸ்டாண்டையும் கொடுத்து, “முன்னாடி ஃபோர்க்கையும் சேர்த்து இறக்கு, மட்கார்டு இடிக்குதான்னு அளந்து பார்” என்றேன்.

“எதுக்குண்ணே, 25 மில்லிமீட்டர்தானே?” என்றான்.